காலியாக விட்ட கட்டம்

1969-ல் நான் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு ‘எந்தப் பயணம் பாதுகாப்பானது?’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். எனக்குச் சொல்லவா வேண்டும்! மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் பேப்பர் பார்த்தேன். நோட்டில் கட்டம் போட்டு, ரயில், பஸ், லாரி, சைக்கிள் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு. விமானத்துக்குக்கூட ஒரு கோடு விழுந்தது. கட்டுமரத்துக்கு மட்டும் ஒன்றுமே அகப்படவில்லை. அதையே பேச்சின் முத்தாய்ப்பாக வைத்துக்கொண்டேன்.

ஒத்திகை கேட்க ஆள் வேண்டுமே. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தாலி, கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று நானாக நினைத்திருந்தேன்.

“இன்னா பாப்பா, காலங்காத்தால எழவு வூட்டுக் கணக்கு பாடிகினு கீற?” என்று சிரித்தார்.

“கேளுங்கக்கா, கடைசிலதான் விசயமே!” என்று கையை வீசி முழங்கினேன். “ஆகவே, உயிர்ப்பலி கேட்காத ஒரே வாகனம் நம் கட்டுமரமே!”

கருவாட்டைப் புரட்டிய கை நின்றது.

“யாரு சொன்னது?”

“பேப்பர்ல ஒண்ணுமே வரலியேக்கா.”

“எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போய் ரெண்டு வருசம் ஆவுது. மரம் மட்டும் எண்ணூராண்ட ஒதுங்கிச்சு. எந்தப் பேப்பர்காரன் வந்து பார்த்தான்?”

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். தப்பைத் திருத்துகிறேன் பேர்வழி என்று நோட்டைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் ஒரு கோடு போடப் போனேன். ஈரக் கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

“போடாத பாப்பா. கல்லறைத் திருநாளுக்குக்கூட அவருக்கு மெழுகுவத்தி ஏத்தல நானு. ஆளு இன்னும் கிடைக்கல இல்ல?”

பேனாவை மூடும் வரை அந்தப் பிடி தளரவில்லை.

போட்டியில் எல்லாக் கட்டங்களையும் சொல்லி வந்தேன். கட்டுமரம் வந்ததும், “இதைப் பற்றி எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் சுறுசுறுப்பாகப் போட்டுத் தள்ளிய ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு வாசல் இருந்திருக்கும், அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார் என்பது, கோடு போடாத அந்த ஒரு கட்டத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது.