கோமதியின் ஜல்லித் தொட்டி

என் மனைவி கோமதி இறந்து மூணு மாசமாச்சு. பனிமலையில பூக்குற சின்னச் செடி ஒண்ணு வளத்துட்டிருந்தா. விதையை ஃபிரிட்ஜுல வெச்சு முளைக்க வெச்சது. தொட்டி பூரா பொடி ஜல்லி.

பாக்கப் பாவமா இருந்துச்சு. போன வாரம் ஜல்லியைக் கொட்டிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் போட்டு, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனேன். நமக்குத் தெரிஞ்ச பாசம் அதுதானே!

இன்னைக்குப் பாத்தா அழுகிப்போய்க் கெடக்கு. நாமகிரிப்பேட்டை நர்சரிக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"வேர் அழுகிப்போச்சுங்க. இதுக்கு ஜல்லிதானுங்க வேணும். ஊட்ல யாரு வளத்தாங்க?"

"என் சம்சாரங்க."

"அவுங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க?"

"ஆமாங்க"ன்னு வந்துட்டேன்.

பீரோ சாவி எங்கே, மிளகாத்தூள் எங்கேன்னு தினமும் அவ போட்டோகிட்ட கேட்டுட்டுத்தான் இருக்கேன். உங்கள்ல யாருக்காச்சும் பதில் வந்திருக்கா?