படமில்லாத விஞ்ஞானியும் நான் எழுதிய அறிவித்தலும்

கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மற்றவர்களுடைய செல்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. நடைவழிச் சுவரில் அறிவியல் முன்னோடிகளின் படங்களை மாட்டப்போகிறோம், ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று மேலாளர் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. ‘செல்’ என்ற பெயரை வைத்தவரையே கேட்டேன்.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே லண்டனில் வாழ்ந்தவர் அவர். ஒரு தீவிலிருந்து, தகப்பனை இழந்த பையனாக வந்து சேர்ந்தவர் என்பதால் எனக்குக் கூடுதல் ஒட்டுதல். தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதிலிருந்த சிறு அறைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஒரு தெள்ளுப்பூச்சியை முழ நீளத்துக்கு வரைந்து காட்டினார். சுருள்வில்லை எவ்வளவு பலத்தோடு இழுத்தால் எவ்வளவு நீளும் என்று விதி சொன்னார். நகரம் எரிந்து சாம்பலான பிறகு தெருத் தெருவாக நடந்து, யாருடைய காணி எங்கே முடிகிறது என்று அளந்து கொடுத்தார். காணிச் சண்டையின் நடுவில் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு செய்த மனிதருக்கு ஒரு படம் இல்லை. இது அவர்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றுகூடக் கிடையாது. புதைத்த எலும்புகள் எங்கே என்றும் தெரியாது. அவருக்கும் இன்னொரு பெரிய விஞ்ஞானிக்கும் ஆகவே ஆகாது. இவர் கண்ணை மூடிய சில மாதங்களில் அந்த மற்றவர், இருவரும் உறுப்பினராக இருந்த அறிஞர் சங்கத்தின் தலைவரானார். பிறகு சங்கம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது இவருடைய படம் காணாமல் போனது என்கிறார்கள். வேண்டுமென்று செய்ததற்குச் சான்று இல்லை. அப்படி ஒரு படம் இருந்ததா என்பதே சந்தேகம் என்பாரும் உண்டு. எனக்குச் சான்றெல்லாம் தேவைப்படவில்லை. செத்துப்போன மனிதரோடு என்ன பகை என்று கொதித்தேன். நடைவழியில் எல்லோருக்கும் முகம் இருந்தது. என்னுடைய சட்டகத்தில் மட்டும் அவர் வரைந்த தெள்ளுப்பூச்சி.

நாங்கள் குடியிருக்கும் செவன் கிங்ஸில் பக்கத்துத் தெருவில் இருந்த என் அண்ணன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் புலம்பலைக் கேட்க வேண்டியிருந்தது. பொறுமைசாலி. ஒருநாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“முன்னூறு வருசத்துக்கு முந்தின சண்டைக்கு நியாயம் கேக்கிறாய். ஹவுன்ஸ்லோவுக்கு ஒரு போன் எடுக்க மட்டும் உனக்கு ஏலாமல் கிடக்கு.”

லண்டனின் மறுகோடியில், ஹவுன்ஸ்லோவில் இருப்பவள் எங்கள் ஒரே தங்கை. அம்மா கடைசியில் அவளோடுதான் இருந்தார். விமான நிலைய ஷிப்டையும் அம்மாவின் மறதி நோயையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் அவள் அம்மாவைக் கேர் ஹோம் என்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். என்னைக் கேட்காமல் செய்தாள் என்று நான் அவளோடு பேச்சை விட்டேன். ஒன்பது வருடம், இடையில் அம்மா போனபோதுகூட. கேட்டிருந்தால் நான் அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பேனா? மாட்டேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு காலை அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். எங்களவர்களிடையே யாராவது இறந்தால் அன்றைக்கே மரண அறிவித்தல் இணையத்தில் வர வேண்டும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாருடைய அன்புச் சகோதரர் என்று உறவு முழுவதையும் முறைப்படி அடுக்க வேண்டும். கனடாவிலிருந்து பிரான்ஸ் வரை எல்லோரும் அதில் தங்கள் பெயரைத் தேடுவார்கள். வீட்டில் தமிழ் எழுதக்கூடியவன் என்று அந்த வேலை எனக்கு வந்தது. சகோதரர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அடுத்த பெயருக்கு வந்ததும் கை நின்றது. பிறகு முற்றுப்புள்ளி வைத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் அண்ணி அதை வாசித்தார். அழுது வீங்கிய கண்ணோடு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதில தங்கச்சியின்ரை பேரைக் காணேல்லையே?”

“மறந்துபோனன் அண்ணி.”

“இப்பவும் திருத்தலாம்தானே?”

“ஓம், திருத்தச் சொல்லுறன்.”

சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று செத்தவீட்டு நாளும் வந்துவிட்டது. அந்தப் பெரிய விஞ்ஞானிமீது சான்று இல்லை. என்மீது இருக்கிறது. நானே தட்டச்சுச் செய்த சான்று.

மண்டபத்தில் முன்வரிசைகள் இரத்த உறவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனத்து ஆள் ஒருவர், நம்மவர்தான், வாசலில் நின்று வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைத்தார். குடும்பத்தில் யாரையும் அவருக்குத் தெரியாது. கையில் என் அறிவித்தலை அச்செடுத்து வைத்திருந்தார். அண்ணன் கிடந்த பெட்டியின் பக்கத்தில் வேட்டியோடு நின்ற நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் தாளில் விரலை வைத்து மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார். எதிரே என் தங்கை. தலை நன்றாக நரைத்துவிட்டது. அம்மாவின் முகம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது.

வாசலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் பேசினாள். கோபமே இல்லாத குரல். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சின்னண்ணை, நான் பெரியண்ணைக்கு என்ன முறை எண்டு இவர் கேக்கிறார். பேரில்லையாம். என்னெண்டு சொல்ல?”

அந்த ஆள் தாளோடு என்னைப் பார்த்தார். என் தங்கை என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? வாயைத் திறந்தேன். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொன்னால், இந்தத் தாளை எழுதியது யார் என்ற கேள்வி வரும். குனிந்து வேட்டியைச் சரிசெய்தேன்.

அவள் அந்த ஆள் பக்கம் திரும்பினாள்.

“தெரிஞ்ச ஆக்கள்தான்,” என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.