பிரேக்கைப் பிடுங்கிய காவலர்

பிள்ளைகளே, கரியாலூர் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கியபோது நான் பார்த்த சோதனைச் சாவடிக் காவலரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. விசில் கயிற்றை எப்போதும் விரலில் சுற்றிக்கொண்டிருப்பார்.

எனக்கு முன்னால் ஒரு மலைக்காரர் சைக்கிள் கேரியரில் நான்கு பலாப்பழங்களோடு நின்றார். பாரத்தோடு இறங்கும்போது பின்னால் ஒரு தழைக்கிளையைக் கட்டி இழுப்பார்கள். அது ரோட்டில் உரசி வேகத்தைக் குறைக்கும்.

"காட்டு மரத்த இன்னாத்துக்குடா வெட்டுன?" என்று காவலர் அந்த மலைக்காரர் கட்டியிருந்த கிளையைப் பிடுங்கினார்.

"எங்க தோப்பு பலாக்கிளைங்க. அதாங்க பிரேக்கு."

"தள்ளிக்கினு போ."

"சார், பாரம் ஜாஸ்தி. வுழுந்துடுவாரு," என்றேன் நான்.

"நீ இன்னா அவன் மச்சானா?"

"ஆமா" என்றேன். என் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அடிவாரம் வரைக்கும் அவர் கேரியரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

சைக்கிளை எடுக்க மறுபடி ஏறிப் போனேன். சாவடிக்குப் பின்னால் காவலர் தம் ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பலாத்தழையை ஒவ்வோர் இலையாகக் கிள்ளி ஊட்டிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பிரியமாக ஊட்டத் தெரிந்த மனிதர்தானே அவர்?