மைக்கில் அத்தை சொன்னது

அத்தை புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்து, திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து, என் நைனா தன் தங்கையோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குழம்பு. ஆனால் "உங்க அத்தைய சாப்பிடச் சொல்லு" என்பதிலிருந்து "மழை வர்ற மாதிரி கீது, வண்டிய உள்ள வுடச் சொல்லு" என்பது வரை எல்லாம் என் வழியாகத்தான் போகும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எனக்கு அது பெரிய பதவியாகவே தெரிந்தது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அத்தையின் ஆட்டோவில் ஏறிய சென்னைப் பெண் ஒருத்தி, பிறகு கேமராவோடு வந்து அவளைப் படமெடுத்தாள். சென்னையில் வருஷா வருஷம் நடக்கும் குறும்பட, ஆவணப்பட விழாவில் அதைப் போடுகிறார்கள் என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். அத்தை முந்தின நாளே போய்விட்டாள். நைனா அசையவில்லை.

"புள்ளைய இட்டுகினு நான் மட்டும் எப்படிங்க போறது?" என்றாள் அம்மா. அதுவரை எத்தனையோ ஊர்க் கல்யாணங்களுக்கு என்னைத் தனியாகவே கூட்டிப்போனவள். நைனாவும் கூடக் கிளம்பினார்.

பாட்டும் சண்டையும் இல்லாத படம். திரையில் அத்தை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, புருஷன் அறைந்ததில் ஒரு காது கேட்காமல் போனதைச் சொன்னாள். "அதாங்க, ஹாரன் அடிச்சா ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துடுவேன்." வீட்டில் யாரிடமும் அவள் சொல்லாதது அது. நைனா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏசி போட்ட இடத்தில் இவருக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது என்று பார்த்தேன்.

படம் முடிந்ததும் அத்தையை மேடைக்கு அழைத்தார்கள். ஆட்டோ ஓட்டுவதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டார். அத்தை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன் இருக்காருங்க. அந்த தைரியத்துலதான் வண்டிய எடுக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லப் பார்த்தேன். அம்மா தொடையில் கிள்ளி உட்கார வைத்தாள்.

திரும்பும் ரயிலில் நைனா என்னை விட்டுவிட்டு நேராக அத்தையிடமே கேட்டார். "எந்தக் காதும்மா?"

அத்தை தொட்டுக் காட்டினாள். நைனா எழுந்து, அவளுக்குக் கேட்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்தார். ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.

அந்த விழா இன்றும் நடக்கிறது. போக முடிகிற வருஷமெல்லாம் போகிறேன். யார் எடுத்த படமானாலும் கைதட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்த விழாமேல் நன்றியெல்லாம் தோன்றவில்லை. அத்தனை பேர் முன்னால் பொய் சொன்ன அத்தையை யாருமே கண்டிக்கவில்லையே என்ற கோபத்தில், அம்மா மடியில் அப்படியே தூங்கிப்போனேன்.