கதவைத் தட்டிய கவ்பாய்

ரங்கூனை ஒட்டிய மிங்கலாடோனில் எங்கள் வீட்டுப் பக்கம் கரண்டு போனால் எப்போது வரும் என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. போன வாரம் அப்படி ஒரு சாயங்காலம், பொழுது போகட்டும் என்று மகன் தன் போனை என் கையில் கொடுத்தான். அந்தக் காலத்து அமெரிக்க ரேடியோ நாடகங்கள் அதில் மூட்டை மூட்டையாக இருக்கின்றனவாம். ஒன்றைத் தொட்டேன். குதிரைக் குளம்புச் சத்தம், ஒரு துப்பாக்கி வெடி, பின்னாலேயே வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முழக்கம். பேரன் எடுத்துவிட்ட ஒருத்தி கவ்பாய் சத்தத்துக்குக் கண் கலங்கலாமா? கலங்கினேன். மகன் பயந்துபோய் என்ன ஆச்சு என்று பர்மியத்தில் கேட்டான். மாமா ஞாபகம் என்றேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். கப்பல்காரர்களோடு பழகிப் பழகி அவருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது, அல்லது வந்துவிட்டதாக அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். அப்போது நம் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அப்படிப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற வால்வு ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்தது. அலமாரி மாதிரி இருக்கும். சூடாகிப் பேச ஆரம்பிப்பதற்குள் அம்மா உலை வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தில் கவ்பாய் நாடகம் வரும். வாராவாரம் தொடரும் கதை. ரேடியோவை நிறுத்தி வைத்து அர்த்தம் சொல்ல முடியாது அல்லவா, அதனால் மாமா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆட்கள் பேசும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது. காட்சி முடிந்து இசை வரும்போது, அது ஓய்வதற்குள், அவர் மளமளவென்று கதையைத் தமிழில் சொல்லிவிடுவார். ஆகவே எங்களுக்கு முதலில் குரல்கள், பிறகுதான் கதை. அர்த்தம் தெரியாத குரல்களை உன்னிப்பாகக் கேட்டுக் கேட்டு, யார் சிரிக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் நானே கண்டுபிடித்துவிடுவேன்.

மாமாவின் மொழிபெயர்ப்பு தனி ரகம். ஷெரீப் என்றால் எங்களுக்குப் புரியாது என்று அவரை வட்டாரத் தலைவராக்கி, பர்மியத்தில் சொல்கிற மாதிரி லூஜி என்றே கூப்பிட்டார். சின்னப் பிள்ளை முன்னால் சாராயக் கடைப் பேச்சு வேண்டாம் என்று அம்மா கண்டித்துவிட்டதால், முரடர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் டீக்கடைக்குள் நுழைந்து, சமுசா தின்றுவிட்டுச் சுட்டுக்கொண்டார்கள். வில்லனுக்குக் கறுப்புச் சட்டை. ரேடியோவில் சட்டையின் நிறம் மாமாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது என்று நான் ஒரு நாள் கேட்டேன். "மேற்கே" என்று லைங் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். அக்கரைக்குப் போனால் கவ்பாய்களைப் பார்க்கலாம் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த அக்கரைதான் இன்றைக்கு லைங் தாயா. தையல் ஆலைகளும் ஆலை பஸ்களும் நெருக்கியடிக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், ஒரு குதிரையாவது கண்ணில் படாதா என்று இன்னமும் தேடுகிறேன்.

ரேடியோவைச் சுற்றி உட்காருபவர்கள் நாங்கள் ஐந்து பேர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ஞாயிறானால் மாண்டலே வண்டியில் இருப்பார். மாமா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான என் சின்னம்மா, கீழ்வீட்டில் இருந்த பர்மிய அம்மாள். அந்த அம்மாளை நாங்கள் மரியாதையாக தோ என்று கூப்பிடுவோம். தமிழ் அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் அபிப்பிராயம் சொல்வதில் எங்கள் எல்லாரையும் மிஞ்சிவிடுவார்.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கல்யாணமான ஆறே மாதத்தில், புருஷன் தன் தாய் தகப்பனை மெட்ராசில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினார். போனவர் போனவர்தான். முதலில் கடுதாசி வந்தது, பிறகு அதுவும் நின்றது. சின்னம்மா எங்களோடு இருந்துகொண்டு ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனாள். நாலு வருஷம் கழித்து, த்வாண்டேயில் பானைச் சூளை வைத்திருந்த ஒருவர் அவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். தகப்பன் தமிழர், தாய் பர்மியர், தங்கமான மனிதர் என்று ஊரே சொன்னது. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"அவர் வந்து கதவைத் தட்டினா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன் அக்கா?" இதுதான் சின்னம்மாவின் பதில்.

அந்த மழைக்காலம் முழுக்க ஓடிய நாடகத்தில் ஒரு கவ்பாய் மாடுகளை ஓட்டிக்கொண்டு தூரத்து ரயிலடிக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. பெண்சாதி தனியாக மாட்டுப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாள். உள்ளூர்க் கொல்லன் ஒருவன் வேலி கட்டித் தருகிறான், கிணறு தூர் வாருகிறான், பதிலுக்கு ஒன்றும் கேட்பதில்லை. மூன்றாம் வாரமே தோ கொல்லன் கட்சிக்குப் போய்விட்டார். நான் கவ்பாய் கட்சி. அவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பான், பூட்ஸில் சலங்கை மாதிரி ஏதோ கிலுங்கும். அவன் போன பிறகும் அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. சின்னம்மா எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. நாடகம் நடக்கும்போது மட்டும் அவள் கை வேலை நின்றுவிடும்.

கடைசி வாரத்துக்கு முன்பு மாமா துறைமுகத்திலிருந்து ஒரு நாள் சீக்கிரமாகவே வந்துவிட்டார். வந்தவர் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "நீயே சொல்லுக்கா" என்பதும், "பேசி முடிச்சு வச்சவன் நீதானே, நீ சொல்லு" என்பதும் எனக்குக் கேட்டது. அம்மாவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, அதில் அம்மா வெங்காயமே போடவில்லை.

ஞாயிறு வந்தது. கடைசிப் பகுதி. சின்னம்மா மடியில் லாபெ தட்டு. ஊறிய தேயிலையோடு பிசைவதற்காக வறுத்த பயறுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் காற்று வீசியது, நாய் குரைத்தது. அப்புறம் அந்தச் சத்தம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து, கிலுங்கக் கிலுங்கப் படியேறி வந்தது. கதவு தட்டும் ஓசை. கதவு திறந்ததும் அந்தப் பெண் ஏதோ கத்தினாள். ஓர் ஆண் குரல் மெதுவாகப் பேசியது. இசை கிளம்பியது. எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தோம்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்தது அவன் இல்ல. அவனோட கூட்டாளி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இல்ல மாமா, அவன்தான்! கால இழுத்துக்கிட்டு வந்தான்ல!"

"கூட்டாளிக்கும் கால்ல அடி" என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே. அம்மா என் தொடையில் நிமிண்டினாள். நிமிண்டல் என்றால் சதை கையோடு வந்துவிடும் நிமிண்டல்.

"அவன் போன ஊர்லயே வேற குடும்பம் ஆயிருச்சாம். இனிமே இவ காத்திருக்க வேணாம்" என்று மாமா முடித்தார்.

"அவரே சொல்லி அனுப்பினாராமா?" என்று சின்னம்மா கேட்டாள். நாடகத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லம்மா. கூட்டாளி கண்ணால பாத்துட்டு வந்து சொல்றான்."

"பிள்ளைங்க இருக்கா?"

மாமா கொஞ்சம் தடுமாறினார். "ஒரு பொம்பளப் பிள்ளை."

"உடம்பு நல்லா இருக்காராமா?"

"நல்லா இருக்கான்."

ரேடியோவிலோ அந்த ஆணும் பெண்ணும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாய் சந்தோஷத்தில் குதித்துக் குதித்துக் குரைத்தது. "கேளுங்க, சிரிக்கிறாங்க, கேளுங்க!" என்று நான் கத்தினேன். ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை. "நிறுத்திருங்க அண்ணே" என்றாள் சின்னம்மா. மாமா குமிழைத் திருகினார்.

மெட்ராசிலிருந்து வந்த கப்பலில் ஒரு மாலுமி, மாமாவுக்கு வேண்டியவன், சின்னம்மாவின் புருஷனை அங்கே வேறு குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்து சொன்னதும், வரன் பார்த்து, மாலை போட்டுக் கப்பலேற்றிவிட்டதெல்லாம் தாமே என்ற குற்ற உணர்வில் மாமாவுக்கு ஒரு வாரமாக நாக்கு எழாமல் கிடந்ததும் பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூட்டாளி கதை முன்கூட்டி யோசித்து வைத்ததில்லையாம், இசை கிளம்பியதும் தானாக வாயில் வந்துவிட்டதாம். சின்னம்மா தை மாதத்தில் த்வாண்டேக்குப் போனாள், மூன்று பிள்ளை பெற்றாள், நன்றாக இருந்தாள். அந்தக் காலடிச் சத்தம் அவளுக்கும்தானே கேட்டது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? மாமா சொல்வது எந்த வீட்டுக் கதை என்று முதல் வரியிலேயே கண்டுகொண்டு, சொல்ல முடியாமல் தவித்த அண்ணனை மேற்கொண்டு தவிக்க விடாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அத்தனை தூரம் குதிரையில் வந்த ஒருவனை வாசலிலேயே வைத்து நீ இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று குமுறிக் குமுறி அழுதேன். சின்னம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அழாதே பாப்பா, அழாதே" என்று முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் என் கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. இந்த வீட்டில் கவ்பாய்க்காக அழ இன்னொருத்தியும் இருக்கிறாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.