உன் இஷ்டம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. சொல்லித் தருகிறவளின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் அந்தப் பெயர். இருபது வருஷமாக அதே வேலை. "நீங்க எமனுக்கே போன் போட்டாலும் நான் நடுவுல கட் பண்ணிடுவேன், தைரியமா ஓட்டுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பத்து மாதத்துக்கு முன் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தலைமுடி குட்டையாக முளைத்து, வேலைக்கும் திரும்பிவிட்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள் பார்த்தவர்கள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போனது தலைப்பாகையா?

போனது போகவும் இல்லை. அதுதான் யாரிடமும் சொல்ல முடியாத பயம். ஓட்டுகிறவள் சட்டென்று நிறுத்தினால் சீட் பெல்ட் இறுகும். எடுத்துப்போட்ட மார்பு வலிக்கும். மழை வருவதற்கு முன் காம்பில் அரிப்பெடுக்கும். சொறியப் போன கைக்கு உள்ளாடையில் திணித்த பஞ்சுதான் கிடைக்கும். பஞ்சை நீக்கித் தழும்பைச் சொறிந்தால் மரத்துக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. அரிப்பு மட்டும் நிற்காது. கூட்டத்தில் யாராவது இடிக்க வந்தால் முழங்கை தானாக உயர்ந்து அதைக் காக்கும். 'காக்க என்ன இருக்கு, மூதேவி' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாளும் உயரும்.

"கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று நாளெல்லாம் கத்துகிறவள், வீட்டில் பீரோக் கண்ணாடிக்குத் துண்டு போட்டு வைத்திருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்பை மறுபடி அமைத்துக்கொள்ளலாமே என்றார் டாக்டர். சிலிகான் பை வைக்கலாம். ஆனால் கதிர்வீச்சு பட்ட அவள் தோல் அதைத் தாங்குவது சந்தேகம். வயிற்றுச் சதையை எடுத்துக் கட்டலாம். ஏழெட்டு மணி நேர அறுவை. ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், அதுவும் ஒரு முடிவுதான் என்றார். "பார்க்க நல்லா இருக்கும்மா. தொட்டா மட்டும் பழைய மாதிரி தெரியாது." அவளுக்குத் தலை சுற்றியது. இல்லாததற்கு இத்தனை உணர்ச்சி, வரப்போவதற்கு இல்லையா?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதே ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில், இதைக் கடந்து வந்த பெண்கள் கூடிப் பேசுவார்கள். அவளும் இரண்டு முறை போனாள். வயிற்றுச் சதையால் கட்டிக்கொண்ட டீச்சர் ஒருத்தி, "எனக்கு நிம்மதியா இருக்குப்பா. நான் எனக்காகப் பண்ணிக்கிட்டேன். நீ யாருக்காகப் பண்ணப் போற?" என்று கேட்டாள். பிரேக் அக்காவிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கம். புருஷனுக்காக.

அவர் லிப்ட் மெக்கானிக். அவர் பேச்சும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட்தான். என்ன செய்யலாம் என்று எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில், "உன் இஷ்டம்." அந்த வார்த்தையை அவள் அறியாதவளா? மகளைத் தூரத்துக் கல்லூரியில் சேர்த்தபோது "உன் இஷ்டம்" என்றவர், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடத்துச் சுவருக்குப் பச்சை அடித்தபோதும் அதே கதை. அவர் வாயில் அதற்கு அர்த்தம், எக்கேடோ கெட்டுப் போ. போதாக்குறைக்குப் பத்து மாதமாக அவர் கை அந்தப் பக்கமே வரவில்லை. அருவருப்பு என்று முடிவு கட்டிவிட்டாள். வயிற்றைக் கிழித்தாவது பழையபடி ஆகிவிட வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்தபோது சம்மதப் படிவத்தை மேஜையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போடப் போறேன். வயித்துச் சதையை எடுத்தே கட்டட்டும்."

"உன் இஷ்டம்."

"என்னைப் பார்க்கவே பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்களேன்! எதுக்கு இந்த இஷ்டம் கிஷ்டமெல்லாம்?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "பிடிக்கலையா? போன தடவை ஆபரேஷன் ரூம் வாசல் பெஞ்சுல அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்டி. கதவு திறக்கிறப்பல்லாம், நீ போயிட்டன்னு சொல்லத்தான் வராங்கன்னு நினைச்சேன். இன்னொரு தடவை என்னால முடியாது. அதைச் சொன்னா எனக்காக நீ வேண்டாம்னுடுவ. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப கையே படாம இருந்தது?"

"வலிக்குமோன்னு பயம்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அந்த மனுஷன் அந்த வார்த்தையை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அதைப் போய்த் தப்பாகக் கேட்டாளே, பாவி.

அவர் கை கழுவி வந்ததும் சட்டையை விலக்கினாள். பஞ்சை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் தயங்கித் தயங்கித் தழும்பின் மேல் கை வைத்தார்.

"வலிக்குதா?"

"தெரியவே இல்லைங்க."

அவர் பயந்துபோய்க் கையை எடுத்தார். மூன்று விரற்கடை விலகியிருக்கும்.

"அங்கயே வைங்க. எடுக்காதீங்க."

கை காற்றில், முன்பு மார்பு இருந்த உயரத்தில் நின்றது. உள்ளங்கையின் சூடு, காய்ப்பேறிய விரல்கள், கழுவிய ஈரம், எல்லாம் தெரிந்தது. உடம்பு சிலிர்த்தது. பயமாக இருந்தது, விட மனசும் வரவில்லை. ஒரு கையால் படிவத்தை இழுத்து, வேண்டாம் என்று எழுதினாள்.

"எனக்காகவா?" என்றார் அவர்.

"இல்லைங்க. அந்த இடத்துல ஆள் இருக்கு."