சுஷீலாவின் படத்துக்கு ஒரு மாலை

கரும்பு வெட்டும் மாதங்களில் ஏழுமலை கைகளில் காலுறை மாட்டிக்கொள்வான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. அதற்கு மேல்தான் கத்தியைப் பிடிப்பான். பிஜித் தீவில், சவேனி என்ற ஊரில் அவனோடு கரும்பு வெட்டிய பதினொரு பேரும் வருஷம் தவறாமல் சிரித்தார்கள்.

“ஏண்டா, கைக்கு ஜுரமா?” என்பார் அப்பல்சாமி. அவர்தான் அந்த வெட்டுக் கூட்டத்துக்குத் தலைவர், சர்தார்.

ஏழுமலை வெட்டிக்கொண்டே போவான். சாயங்காலம் குழாயடியில் காலுறைகளைக் கழற்றிப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்ப்பான். பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாந்திக்குப் பஸ் ஏறுவான். அங்கே ஒரு கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது பியானோ வாசிப்பது அவனுடைய இன்னொரு வேலை. மாதாகோவில் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் புத்தகம் பார்த்து வாசிக்கக் கற்றவன், ஹோட்டலில் சும்மா கிடந்த பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜாஸுக்கு வந்து சேர்ந்தான். அந்தக் காலுறைகளைத் துவைத்தவள் அவன் மனைவி சுஷீலா.

அவர்கள் கல்யாணம் 1981 ஜூலையில், கோவிலில் நடந்தது. தாலி கட்டிய மறுநாளே கரும்பு வெட்டு. பதிவு ஆபீஸில் போய் எழுதிவைக்க வேண்டும் என்று பூசாரி சொல்லித்தான் அனுப்பினார். வெட்டு முடியட்டும் என்றார்கள். வெட்டு முடிந்ததும் மழை வந்தது. மழை நின்றபோது சுஷீலாவுக்கு மசக்கை. பிறகு அதை யாரும் நினைக்கவில்லை. மகள் வினீதா பிறந்தபோது பிறப்புச் சீட்டில் அப்பா பெயர் ஏழுமலை என்று எழுதிக்கொண்டார்கள். கல்யாணச் சீட்டை யாரும் கேட்கவில்லை.

1987 மே மாதம் ராணுவம் அரசாங்கத்தைப் பிடித்தது. ஒரே வாரத்தில் ஹோட்டல் காலியானது. செப்டம்பரில் மறுபடியும் பிடித்தார்கள். டிசம்பரில் ஏழுமலை மூன்று மாத விசாவில் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினான்.

“ஆறே மாசம். பேப்பர் போட்டு ஒங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன்” என்றான்.

அந்த வார்த்தையில்தான் சுஷீலா அதற்கப்புறம் குடியிருந்தாள். தகரக் கூரை ஒழுகியது. போகப்போகிறோமே என்று பாத்திரம் வைத்தாள். கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து நிலம் அதன் உரிமையாளர்களிடம் திரும்பிப் போனது. வீடு இருக்கிற மனையை மட்டும் அவள் பேருக்குக் குத்தகை எழுதித் தருவதாக அவர்கள் சொன்னார்கள். “நாங்க அமெரிக்கா போறவங்க” என்று அவள் கையெழுத்துப் போடவில்லை. 2000-இல் மூன்றாம் தடவை ஆட்சி கவிழ்ந்தபோது அக்கம்பக்கத்தில் நாலு வீடு பூட்டிக்கொண்டு வெளிநாடு போயின. ஏழுமலை போனில் சொன்னான்: “பேப்பர் நடக்குது. பொறு.” அவள் பொறுத்தாள்.

2003 ஆகஸ்டில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசலில் டாக்ஸி நின்றது. நல்ல சட்டை போட்ட ஒருவன் கையில் பிளாஸ்டிக் பையோடு இறங்கினான். பா நகரத்தில் வரதோலிப் பக்கத்துக்காரன், பெயர் தேவேந்திரா. ஏழுமலை இருக்கும் சாக்ரமெண்டோவுக்குக் குடிபோய்ப் பத்து வருஷம். இப்போது லீவில் வந்திருந்தான்.

“ஏழுமலை அண்ணன் வீடு இதுதானுங்களா? அங்க ஜாஸ்ல பெரிய பேரு அவருக்கு. ஊருக்கு வந்தா ஒரு தடவை இங்க வந்துட்டுப் போகணும்னு எனக்கு ஆசை.”

சுஷீலாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. உட்காரச் சொல்லிவிட்டுச் சாயா போட உள்ளே போனாள். அவன் சுவர் சுவராகப் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது. தேடுவதைக் காணோம் போலும்.

“அக்கா படம் எங்கே மாட்டியிருக்கீங்க? லௌடோக்காவுல மாலை வாங்கியாந்தேன்.”

“எந்த அக்கா?”

“அண்ணனோட சம்சாரம்.”

“நான்தான் சம்சாரம்.”

தேவேந்திரா எழுந்து நின்றான். “மன்னிச்சுக்குங்க. அவரு இங்க ரெண்டாவது கட்டினது எனக்குத் தெரியாது. நான் கேட்டது மூத்தவங்க. எண்பத்தேழுல செத்துப்போன சுஷீலா அக்கா.”

“நான்தான் சுஷீலா” என்றாள். சொன்ன பிறகு அது உண்மைதானா என்று ஒரு நொடி அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சாயா கோப்பை சுட்டது; விரலை எடுக்கத் தோன்றவில்லை.

அவன் நெற்றி வேர்த்துவிட்டது. பையிலிருந்து ஒரு பாட்டுத் தட்டையும் அதோடு இருந்த சின்னப் புத்தகத்தையும் எடுத்து மேஜையில் வைத்தான். நர்சிங் படித்துக்கொண்டிருந்த வினீதா உள்ளேயிருந்து வந்து இங்கிலீஷில் இருந்ததை வாசித்தாள். தமிழ் அவளுக்குக் கொஞ்சம்தான் வரும். இந்தியில் சொல்லிக்கொண்டே போனாள். ஏழுமலையின் வாழ்க்கை அதில் மூன்று பக்கம். கரும்புத் தோட்டத்தில் பிறந்தது, மாதாகோவில் பியானோ, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் சிப்பாய்கள் வந்தார்கள். வீட்டைக் கொளுத்தினார்கள். மனைவி சுஷீலா தீயில் செத்துப்போனாள். தட்டில் அவள் பேரிலேயே உள்ள ஐந்தாவது உருப்படி, அவளைத் தகனம் செய்த அன்று உருவானதாம்.

“நானு?” என்றாள் சுஷீலா. “நான் எங்க இருந்தேன்னு போட்டிருக்கு?”

“செத்ததைத் தவிர உன்னைப் பத்தி ஒண்ணும் இல்லம்மா. நீ... இல்ல.”

சவேனிக்கு அந்த வருஷம் சிப்பாய்கள் வந்தது ஒரே தடவை. வழி தவறிய இரண்டு பேர். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்ததே அவள்தான். கோழி விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது உருப்படியைப் போட்டார்கள். நாலு கட்டை தட்டியதுமே அவளுக்குத் தெரிந்தது. நாந்தி ஹோட்டலில் சூப்புக்கும் மீனுக்கும் நடுவே அவன் வாசிப்பது அது. கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிப்போய்ச் சமையல்கட்டுப் பக்கம் நிற்கவைத்துக் கேட்கச் செய்திருக்கிறான்.

“அவரு வீட்ல ஒங்க படம் இருக்கு” என்றான் தேவேந்திரா தலையைக் குனிந்துகொண்டு. “அந்த அம்மா, அமெரிக்காக்காரங்க, தெனம் பூ வைப்பாங்க.”

“எந்த அம்மா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஏழுமலைக்கு அங்கே இன்னொரு சம்சாரம் இருப்பது அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தேவேந்திரா போனதும் வினீதா ஏழுமலைக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அங்கே சாயங்காலம். சுஷீலா எடுத்த எடுப்பில் கேட்டாள்: “நான் எப்ப செத்தேன்?”

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். “இங்க இருக்கறவ என் பொட்டியில நம்ம கல்யாண போட்டோவைப் பாத்துட்டா. யாருன்னு கேட்டா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவ எல்லார்ட்டயும் சொன்னா. தட்டு போட்ட கம்பெனிக்காரன் எழுதிட்டான். அதுக்கப்புறம் எனக்கு அதை நிறுத்தத் தெரியல.”

“இருக்கட்டும். நம்ம பேப்பர் என்ன ஆச்சு?”

“சுஷீலா, நம்ம கல்யாணம் எங்கயுமே எழுதலியே. நான் எதை வச்சுப் பேப்பர் போடறது?”

“பேப்பர் நடக்குதுன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன்.”

“பதினாறு வருஷமா?”

அவன் பேச்சை மாற்றினான். “வினீதாவைக் கூப்பிடலாம். அவ சீட்டுல என் பேரு இருக்கு. இவளும் சந்தோஷமா ஒத்துக்குவா. நீ மட்டும் கொஞ்சம்...”

“கொஞ்சம் செத்திருக்கணுமா?”

சுஷீலா போனை மகள் கையில் கொடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வினீதா இரண்டே வார்த்தை சொன்னாள், பிஜி இந்தியில்: “நஹி ஆயேகா.” வர மாட்டேன். வைத்துவிட்டாள்.

மறு வாரம் சுஷீலா வீட்டு மனையை எழுதிக்கொள்ள நில ஆபீஸுக்குப் போனாள். குத்தகைத் தாளில் ‘கல்யாணமானவரா’ என்ற இடத்தில் குமாஸ்தா பேனாவை நிறுத்திச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். ‘ஆகாதவர்’ என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினான். இருபது வயது மகளைப் பெற்றவள் அதில் கையெழுத்துப் போட்டாள்.

இன்று அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. வினீதா ஆக்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். ஏழுமலை சாக்ரமெண்டோவில் இன்னும் வாசிக்கிறான். அந்தத் தட்டும் அதே புத்தகத்தோடுதான் விற்கிறது. சுஷீலா தாலியைக் கழற்றவில்லை. அமெரிக்காவுக்குப் போகவும் இல்லை. சவேனியில், தன் பேரில் உள்ள மனையில், கூரையை மாற்றிக்கொண்டு இருக்கிறாள்.